அலாஸ்கா கப்பல் பயணம்: குளிருக்கு அல்ல, ஈரத்துக்குப் பெட்டி கட்டுங்கள்

அலாஸ்காவின் கெட்சிகன் ஊரில் நனைந்த அப்பாவின் ஜீன்ஸ் மூன்றாம் நாள் காலையிலும் காயவில்லை. கேபின் குளியலறையில் ஷவருக்கு மேலே இழுத்து மாட்டும் சின்னக் கொடி ஒன்று உண்டு. அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கால் பகுதி ஒரு மாதிரி உலர்ந்துவிட்டது. இடுப்புப் பட்டையும் பைத் தையலும் மட்டும் தொட்டால் சில்லென்று இருந்தன. அவர் கொண்டுவந்தது இரண்டே ஜீன்ஸ். இன்னொன்றை ஜூனோவில் நனைத்துவிட்டார். பெட்டியைத் திறந்தால் கனத்த ஸ்வெட்டர் மூன்று, சால்வை இரண்டு, கம்பளிக் குல்லா எல்லாம் இருந்தன. மழை தாங்குகிற பேன்ட் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பெட்டியைக் கட்டியவன் நான்தான். அலாஸ்கா என்றதும் பனியை நினைத்துக்கொண்டு, கிடைத்த கம்பளியை எல்லாம் உள்ளே திணித்திருந்தேன். அது ஆகஸ்ட் கடைசி. அடுத்த முறை மே மாதக் கடைசியில் போனபோது பெட்டி பாதியாகக் குறைந்திருந்தது, யாரும் நடுங்கவும் இல்லை. இடையில் புரிந்துகொண்டது ஒரே விஷயம்: கோடையில் கப்பல்கள் போகும் தென்கிழக்கு அலாஸ்காவில் குளிர் தாங்கக்கூடியதுதான். ஆளைப் படுத்துவது ஈரமும் காற்றும்.

முதலில், போகும் ஊர்களின் வானிலை

சீசன் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்தோ கனடாவின் வான்கூவரிலிருந்தோ கிளம்பும் ஏழு நாள் பயணங்களில் வழக்கமாக வரும் ஊர்கள் கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே. கூடவே கிளேசியர் பே தேசியப் பூங்கா போல ஏதாவது ஒரு பனியாற்றுப் பகுதி.

ஜூன், ஜூலையில் பகல் வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும். மேயிலும் செப்டம்பரிலும் இன்னும் கொஞ்சம் குறையும். ஜூலை மாதம் ஊட்டிக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் குளிர் புதிதல்ல. ஆனால் வெயில் அடித்தால் 25 டிகிரிகூட ஆகும். காலையில் மழைக்கோட்டு, மதியம் அரைக்கை சட்டை, சாயங்காலம் குல்லா என்று ஒரே நாளில் மூன்றும் தேவைப்பட்டிருக்கிறது.

கெட்சிகன் மழைக்காட்டின் நடுவில் இருக்கிற ஊர். ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையைப் போல இரண்டரை மடங்கு. மழை அளவைக் காட்டும் பெரிய பலகையைத் துறைமுகத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் மழையை நீராய் வடிகிற வெயில் என்று செல்லமாகச் சொல்வார்கள். ஸ்காக்வேயில் மழை அதில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் காற்று விடாது. மாதம் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் மேயும் ஜூனும் மழை குறைந்த மாதங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு ஏறிக்கொண்டே போகும்.

துணிக்கு முன்னால் பாஸ்போர்ட்

துணி இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ளலாம், விசா அப்படியில்லை. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடியில், அதாவது வேறு நாட்டில் பதிவாகி, ஓடுபவை. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, அப்படிப்பட்ட கப்பல் சியாட்டிலில் ஆளை ஏற்றி அங்கேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் பயணத்தில் கனடாவின் விக்டோரியா ஒரு சாயங்காலம் வந்து நிற்கிறது. நம் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தால் அமெரிக்க விசாவோடு கனடா விசாவுக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். டிக்கெட் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பாஸ்போர்ட், விசாப் பக்கம், கப்பல் போர்டிங் தாள், காப்பீடு எல்லாவற்றையும் ஒரே ஜிப்லாக் பையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். நகல் ஒன்று பெட்டியில், ஒரு படம் போனில். ஸ்காக்வேயிலிருந்து கிளம்பும் சில ரயில் பயணங்கள் எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போகும். அந்த நாளில் பாஸ்போர்ட்டைக் கேபினில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

மூன்று அடுக்கு

ஒரு கனத்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். சூடேறினால் ஒன்றைக் கழற்றலாம், காற்று வந்தால் மாட்டலாம்.

உடம்பை ஒட்டி இருப்பது முதல் அடுக்கு. அதன் வேலை வியர்வையை வெளியே தள்ளுவது. பாலியெஸ்டர் தெர்மலோ மெரினோ கம்பளியோ இருக்கட்டும், பருத்தி மட்டும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் பருத்திக்கு ஈடில்லை, ஏனென்றால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். அலாஸ்காவில் அதே குணம்தான் வில்லங்கம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்கும். கம்பளி அப்படியில்லை. தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் கதகதப்பைக் கொஞ்சம் தக்க வைத்துக்கொள்ளும். இந்தியாவில் தெர்மல் வாங்குபவர்கள் உள்ளே தைத்திருக்கும் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள், நிறைய உருப்படிகள் பருத்தி கலந்தவை. மேலுக்கு இரண்டு, காலுக்கு ஒன்று போதும். ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

இரண்டாவது அடுக்கு ஃப்ளீஸ், அதாவது கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கும் பாலியெஸ்டர் துணி. அது எடை குறைவு, சீக்கிரம் காயும். ஒருவருக்கு ஒன்று போதும், குளிர் தாங்காதவர்களுக்கு மெல்லிய இன்னொன்று. அம்மா பின்னிய கம்பளி ஸ்வெட்டர் வீட்டில் இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இறகு அடைத்த பஃபர் ஜாக்கெட் மழை இல்லாத நாளில் அருமை, நனைந்தால் தொய்ந்து சூட்டை விட்டுவிடும். அதனால் அதை மழை ஜாக்கெட்டுக்கு உள்ளேதான் போட வேண்டும்.

மூன்றாவது அடுக்கு மழை ஜாக்கெட். அதில் மட்டும் காசைப் பார்க்க வேண்டாம். வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருப்பதும் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை தூறலுக்கு ஆகும், அரை மணி நேர மழையில் தோள்பட்டை வழியாக இறங்கிவிடும். கடையில் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் மேல் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஜிப்புக்கு மேல் மடிப்பு, தலைக்குத் தொப்பி, தொப்பியை இறுக்க நாடா, மணிக்கட்டில் இறுக்கும் ஒட்டுப்பட்டி, இத்தனையும் பாருங்கள். உள்ளே ஃப்ளீஸ் போட்டுக்கொண்டு அளவு பார்த்து வாங்க வேண்டும். நான் இப்போது கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு வீட்டு ஷவருக்கு அடியில் ஐந்து நிமிடம் நிற்கிறேன். என் பழைய ஜாக்கெட்டின் இடது கக்கம் ஒழுகுவது அப்படித்தான் தெரிந்தது.

அதே துணியில் மேலே இழுத்து மாட்டிக்கொள்ளும் மழைப் பேன்ட் ஆளுக்கு ஒன்று வேண்டும். மடித்தால் உள்ளங்கை அளவுதான். இரண்டாவது பயணத்தில் அம்மா சுடிதார் மேலேயே அதை மாட்டிக்கொண்டார். கணுக்காலில் ஜிப் வைத்த வகை என்பதால் ஷூவைக் கழற்றாமலே ஏறியது. திமிங்கிலம் பார்க்கப் போன படகில், ஈர பெஞ்சு என்றுகூடப் பார்க்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். துப்பட்டாவை மட்டும் கேபினில் விட்டுவரச் சொன்னேன். காற்றில் பறந்து எங்காவது மாட்டிக்கொள்ளும், கழுத்துக்குக் குழாய் மாதிரி மாட்டிக்கொள்ளும் பஃப் துணி ஒன்று போதும்.

குடை எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஊருக்குள் கடைத்தெருவில் நடக்க ஒரு மடக்குக் குடை சரி. படகிலும் கப்பலின் திறந்த தளமான டெக்கிலும் அதை நம்ப முடியாது.

கால், கை, தலை

ஷூ இரண்டு ஜோடி. வெளியில் போக ஈரம் உள்ளே வராத நடை ஷூ ஒன்று, கப்பலுக்குள் போட லேசான ஒன்று. ஈரமான டெக்கும் மரப்பலகை நடைபாதையும் வழுக்கும் என்பதால் அடிப்பாகத்தில் நல்ல பிடிப்பு இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். புது ஷூவை இரண்டு வாரம் முன்பே வாங்கித் தினமும் நடந்து பழக்கிவிடுங்கள். நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளையோ டிஷ்யூவையோ திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் காலைக்குள் தேறிவிடும்.

கம்பளி கலந்த சாக்ஸ் நான்கு ஜோடி. வெளியே போகும் பையில் எப்போதும் ஒரு ஜோடி உபரியாக இருக்கட்டும். ஈரச் சாக்ஸைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டும் அந்த நிமிடத்தில் அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

கையுறையில் போனைத் தொட்டால் வேலை செய்யும் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். தலைக்குக் காதை மூடுகிற குல்லா. நம் வீடுகளில் இருக்கிற குரங்குக் குல்லா டெக்கில் நிற்பதற்கு அத்தனை பொருத்தம். காது, கழுத்து, தாடை மூன்றையும் அது ஒன்றே பார்த்துக்கொள்ளும். அப்பாவுடையதைக் கேட்டு வாங்கி ஒரு காலை நானே போட்டுக்கொண்டேன்.

பனியாற்று நாளுக்குத் தனிப் பை

கிளேசியர் பேயில் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. பகல் முழுக்க விரிகுடாவுக்குள் ஊர்ந்து போய்த் திரும்பும். பூங்கா ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து நடுக்கடலில் கப்பலில் ஏறுவார்கள். பெரிய கப்பல்கள் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் உள்ளே அனுமதி இல்லை. 1794இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது இங்கே விரிகுடாவே கிடையாது, பனிச்சுவரில் ஒரு சின்னப் பள்ளம்தான். இன்று அதற்குள் நூறு கிலோமீட்டர்போல உள்ளே போகலாம், அவ்வளவு தூரம் பனி பின்வாங்கிவிட்டது. மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று மெல்லத் திரும்பும். இந்தப் பயணத்துக்குக் கொடுத்த காசெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்று நான் சொல்வேன். குளிர் தாங்காமல் பத்து நிமிடத்தில் உள்ளே ஓடிவிட்டால் பெரிய இழப்பு.

பனியிலிருந்து இறங்கி வரும் காற்று ஊர்க் காற்று மாதிரி இருக்காது. தெர்மோமீட்டர் 10 டிகிரி காட்டினாலும், மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றடித்தால் உடம்புக்கு 6 டிகிரி மாதிரிதான் தெரியும். அதனால் அன்று மூன்று அடுக்கையும் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பையில் சூடான வெந்நீரோ காபியோ நிரப்பிய ஃப்ளாஸ்க், கையுறை, பைனாகுலர், கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குத் தடவ ஏதாவது. பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், தோலையும் சுடும் என்பதால், மேகமாக இருந்தாலும் சன்ஸ்க்ரீன் பூசுங்கள்.

பனிச்சுவர் உடைந்து விழும்போது முதலில் ஒரு வெள்ளைத் தூள் மட்டும்தான் சரியும். சத்தம் ஒன்றிரண்டு நொடி கழித்துத்தான் வந்து சேரும். அந்த மண்ணின் மக்களான டிலிங்கிட்கள் அதை வெள்ளை இடி என்கிறார்கள். சத்தம் கேட்ட பிறகு திரும்பினால் விழுந்து முடிந்திருக்கும், கண் பனியிலேயே இருக்க வேண்டும். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஒன்றை வைத்து மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் திமிங்கிலம் முங்கிவிடும். 8க்கு 42 அளவு, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும் 42 மில்லிமீட்டர் லென்ஸ், சரியாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்குவதை வாங்கினால் ஆடும் கப்பலில் படம் நிற்காது. கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலுக்குள் உடுத்த

உள்ளே ஏசி, லிஃப்ட், உணவகம் என்று எல்லாம் ஹோட்டல் மாதிரிதான். சாதாரண சட்டை மூன்று, பேன்ட் இரண்டு, தூங்குவதற்கு ஒரு செட், நீச்சல் உடை ஒன்று. வெந்நீர்த் தொட்டிகள் இருக்கும், மழை தூறும்போது அதில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பது தனி சுகம்.

நிறைய கப்பல்களில் ஓரிரு இரவு நன்றாக உடுத்திக்கொண்டு வரச் சொல்வார்கள். அதற்குக் கோட்டு சூட்டு வாங்க வேண்டியதே இல்லை. பட்டுப் புடவையும் பட்டு வேட்டியும் அங்கே தாராளமாகப் போதும். அம்மா ஒரே ஒரு பட்டுப் புடவை கொண்டுவந்தார், இரண்டு இரவும் அதையே கட்டினார். உள்பாவாடைக்குள் தெர்மல் போட்டிருந்ததால் சாப்பாடு முடிந்து டெக்குக்குப் போனபோதும் குளிரவில்லை.

ஜூனில் போகிறவர்கள் கண்ணை மூடும் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனோவில் அந்த மாதக் கடைசிப் பகுதியில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல் நீளும். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி பின்னால். போன் சில நேரம் ஒன்றைக் காட்டும், கப்பல் கடிகாரம் வேறொன்றைக் காட்டும். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்வதுதான் பத்திரம். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

மருந்தும் சாப்பாடும்

தீவுகளுக்கு நடுவே போகும் உள்வழியில் கடல் அமைதியாகவே இருக்கும். சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பல, வான்கூவர் தீவின் மேற்குப் பக்கமாகத் திறந்த கடலில் போகும். அங்கே ஆட்டம் உண்டு. வாந்தி மாத்திரையைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போடுவதைவிட முன்னாலேயே போடுவது பலன் தரும். தூக்கம் வரும் என்பதால் பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் கட்டாயம் கேட்டே போட வேண்டும். இஞ்சி மிட்டாயும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான மருந்துகள் எத்தனை நாளோ அதற்கு மேல் நான்கு நாளுக்குச் சேர்த்து, கூடவே மருந்துச்சீட்டு. இவை கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்கள் தவறுவது இங்கேதான். மின்கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்க வைக்கும் ராடு, இஸ்திரிப் பெட்டி எதுவும் கேபினில் அனுமதி இல்லை. தீ விபத்து பயம், வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் செய்த சாப்பாட்டையும் பொதுவாக விடுவதில்லை. கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பருப்புப் பொடியும் ஊறுகாயும் சின்ன அளவில் எடுத்துப் போகலாம். சாதமும் தயிரும் பெரும்பாலும் உள்ளேயே கிடைத்துவிடும், அந்தப் பொடி இருந்தால் அப்பாவுக்குப் போதும். கப்பலிலிருந்து பழமோ சாப்பாடோ கரைக்குக் கொண்டு இறங்கக் கூடாது. கரடி நடமாடுகிற இடங்களில் பையில் தின்பண்டம் வைத்திருப்பது ஆபத்தும்கூட.

கைப்பையில் ஒரு நாள் பிழைக்க வேண்டும்

முதல் பயணத்தில் விமானத்தில் என் பெட்டி வந்து சேரவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது. பெட்டி ஜூனோவில்தான் கைக்குக் கிடைத்தது. அதுவரை ஒரு பேன்ட், கப்பல் கடையில் வாங்கிய ஒரு டீ ஷர்ட். அதிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே சியாட்டில் போய்விடுகிறேன், மழை ஜாக்கெட்டை விமானத்தில் கையோடு வைத்துக்கொள்கிறேன்.

பெட்டி பத்திரமாக வந்தாலும் துறைமுகத்தில் அதை வாங்கிக்கொண்டு, கேபினுக்குச் சாயங்காலம்தான் கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் கைப்பையில் ஆவணங்கள், மருந்து, ஃப்ளீஸ், மாற்றுத்துணி ஒன்று, கண்ணாடி, சார்ஜர். பவர் பேங்க் விமானத்தில் எப்படியும் கைப்பையில்தான் வர வேண்டும். கேபின் பிளக்குகள் பெரும்பாலும் அமெரிக்க வகை, இந்திய சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும். மின்சாரம் திடீரென ஏறினால் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையை விடமாட்டார்கள்.

அடுக்கும் முறை

ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்புங்கள். ஒவ்வொரு துணியையும் எடுத்து, இது நனைந்தால் ஒரே ராத்திரியில் காயுமா என்று கேளுங்கள். காயாது என்றால் பீரோவுக்கே திரும்பட்டும். பிறகு மூன்று அடுக்கையும் போட்டுக்கொண்டு கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள்.

துணிகளை வகை வகையாகப் பிரிக்காமல், நாளுக்கு ஒரு சின்னத் துணிப்பையாகப் பிரிப்பது எனக்கு ஒத்துவந்தது. கெட்சிகன் பை, பனியாற்றுப் பை, விருந்து இரவுப் பை. அம்மா காலையில் தேடாமல் எடுத்துக்கொண்டார். கேபின் சுவர் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி நான்கு எடுத்துப் போங்கள். ஈர ஜாக்கெட், குல்லா, பை எல்லாம் சுவரில் தொங்கும். காலிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

எடை பற்றி இன்னும் யோசித்தால் ஸ்காக்வேயில் நின்று அந்த மலையைப் பாருங்கள். 1898இல் எல்லைக்கு அப்பால் கனடாவின் க்ளோண்டைக் பகுதித் தங்கத்தைத் தேடிப் போனவர்களிடம் கனடாக் காவலர்கள், ஒரு வருடத்துக்கான பொருள் இருந்தால்தான் எல்லை தாண்ட விடுவோம் என்றார்கள். சாப்பாடும் சாமானும் சேர்த்து ஏறக்குறைய ஒரு டன். மனிதர்கள் அதைத் துண்டு துண்டாக முதுகில் சுமந்து, அதே பாதையில் எத்தனையோ தடவை ஏறி இறங்கினார்கள். அந்தக் காலத்தில் போடத் தொடங்கி 1900இல் முடித்த ரயில் இன்னும் ஓடுகிறது. சுமார் 32 கிலோமீட்டரில் 870 மீட்டர் ஏறும். உச்சியில் குளிர் கீழே இருப்பதைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாகவே இருக்கும். பெட்டிகளுக்கு நடுவே உள்ள திறந்த மேடையில் நின்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கையுறையை மறக்க வேண்டாம்.

கடைசி இரவு

இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டியைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். அதை மூடும் முன், மறுநாள் போட வேண்டிய சட்டை, பேன்ட், உள்ளாடை, ஷூ, மாத்திரை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கட்டிலின் மேல் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பெட்டி போன பிறகு காலையில் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். காயாத துணி ஏதாவது இருந்தால் பெரிய பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பெட்டியின் ஓரத்தில், பட்டுப் புடவைக்கு எட்டாத பக்கமாக வையுங்கள்.